சாவியை யாரிடம் கொடுத்துவிட்டுப் போவது?

இந்த இதழில் வழக்கமாக விதை பற்றியோ பூச்சி பற்றியோதான் எழுதுவேன். இந்த முறை விடுமுறை பற்றி எழுதப் போகிறேன். "விவசாயிக்கு ஏதுங்க லீவு?" என்று சிரிப்பீர்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். வீட்டில் ஒரு கேள்வி கேட்டார்கள். அதற்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு வருஷம் ஆனது.

முப்பத்தைந்து வருஷம் வங்கியில் வேலை பார்த்து, 2018ல் கிளை மேலாளராக ஓய்வு பெற்றேன். மன்னார்குடிக்குப் பக்கத்தில் அப்பா விட்டுப்போன மூன்று ஏக்கர், எங்க ஊர்க் கணக்கில் ஒன்பது மா. அதில் தூயமல்லியும் மாப்பிள்ளைச் சம்பாவும் போடுகிறேன். நெல் ஜெயராமன் அவர்கள் முன்னின்று நடத்திய திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவில் 2 கிலோ விதை வாங்கி, அடுத்த வருஷம் 4 கிலோவாகத் திருப்பிக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். கொட்டகையில் இரண்டு உம்பளச்சேரிப் பசு. ஊரில் இன்னமும் என்னை "மேனேஜர் சார்" என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

காசியில் வந்த போன்

2016 நவம்பர். வங்கிக்காரர்களுக்கு எல்.எஃப்.சி. என்று ஒரு சலுகை உண்டு. குடும்பத்தோடு ஊர் சுற்றிப் பார்க்க லீவும் கொடுத்து, டிக்கெட் காசும் கொடுப்பார்கள். அதை வைத்து அம்மாவைக் காசிக்குக் கூட்டிப் போனேன். அம்மாவுக்கு அப்போது 79 வயது. கங்கையில் குளிப்பதை விட அவருக்குப் பெரிய ஆசை கயாவுக்குப் போவது. அப்பா 2009ல் காலமானார். கயாவில் மகன் கையால் அவருக்குப் பிண்டம் வைக்க வேண்டும் என்று ஏழு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அதில் எவ்வளவு நம்பிக்கை என்பது வேறு விஷயம். அம்மா அதுவரை என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

அம்மா, மனைவி, மகள், நான் என்று நாலு பேரும் ரயிலில் இரண்டு ராத்திரி உட்கார்ந்து போய்ச் சேர்ந்தோம். அனுமான் காட் பக்கம் நம்ம ஊர்க்காரர் ஒருவர் நடத்தும் விடுதியில் தங்கல். காசியில் நாலு நாள், பிறகு கயா, பிறகு பிரயாகை. இதுதான் திட்டம்.

நவம்பர் 8, செவ்வாய்க்கிழமை. சாயங்காலம் தசாசுவமேத காட்டில் ஆரத்தி பார்த்துவிட்டு வந்து தோசைக்குக் காத்திருந்தோம். எட்டு மணிக்கு டி.வி.யில் பிரதமர் பேசினார். 500, 1000 ரூபாய் நோட்டுகள் நள்ளிரவு முதல் செல்லாது. என் பையில் இருந்த பணம் கிட்டத்தட்ட எல்லாமே அந்த நோட்டுதான். அதைப் பற்றிக் கவலைப்பட ஆரம்பிப்பதற்குள் மண்டல அலுவலகத்திலிருந்து போன் வந்துவிட்டது.

"சார், வியாழக்கிழமை காலைல கிளை திறக்கணும். நீங்க இருந்தே ஆகணும்."

காரணம் இருந்தது. வங்கியில் பெட்டக அறைக்கு இரட்டைச் சாவி. ஒருத்தர் மட்டும் தனியாகத் திறக்க முடியாது. சாவி வைத்திருக்க வேண்டிய இன்னொரு அதிகாரி பிரசவ விடுப்பில் இருந்தார். நான் பொறுப்பு ஒப்படைத்துவிட்டு வந்த தம்பி வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான். நாடு பூராவும் கிளைகளில் கூட்டம் அலைமோதப்போகிறது என்று தெரிந்துவிட்டது. அந்தப் பையனைத் தனியாக விட எனக்கே மனசு வரவில்லை.

மறுநாள் கார்டைத் தேய்த்து டிக்கெட் எடுத்து, டெல்லி வழியாகச் சென்னை, அங்கிருந்து ராத்திரி பஸ். பெண்கள் மூன்று பேரையும் காசியில் விட்டுவிட்டு வந்தேன். செல்லாத நோட்டோடு விட்டுவிட்டு வந்தேன் என்பதையும் சொல்லவேண்டும். விடுதிக்காரர் நல்ல மனிதர். "ஊருக்குப் போய் அனுப்பிவைங்க சார், பெரியம்மாவை நாங்க பாத்துக்கறோம்" என்றார். மகளிடம் இருந்த நூறு ரூபாய் நோட்டுகளை வைத்து அவர்கள் அந்த நாட்களை ஓட்டினார்கள். கயாவுக்குப் போகவில்லை. மகன் இல்லாமல் போய் என்ன செய்வது? 

நவம்பர் 10 காலை ஏழு மணிக்கே கிளை வாசலில் வரிசை தெருமுனை வரை நின்றது. ஒருவருக்கு 4000 ரூபாய் வரை மாற்றிக் கொடுக்கலாம் என்று உத்தரவு. அந்த சனி, ஞாயிறும் கிளையைத் திறந்தோம். நவம்பர் 14ல் மாவட்ட மத்திய கூட்டுறவு வங்கிகள் பழைய நோட்டை வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி நிறுத்திவிட்டது. கூட்டுறவுச் சங்கத்தை நம்பியிருந்த விவசாயிகள் அதற்குப் பிறகு எங்கள் வரிசைக்கு வந்தார்கள். சம்பா நடவும் களையெடுப்பும் நடக்கும் நேரம். ஆளுக்குக் கூலி கொடுக்கச் சில்லறை இல்லை. ஒரு பெரியவர் கவுண்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "சார், மனுசன் வரிசைல நிப்பான். நாத்து நிக்காது சார்" என்றார். அந்தக் கம்பிக்கு இந்தப் பக்கம் நான் இருந்ததில் அன்றைக்கு அர்த்தம் இருந்தது. இப்போது யோசித்தாலும் அன்று வந்தது தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் அம்மா கயாவைப் பார்க்கவில்லை. 2017ல் மகள் கல்யாணம். 2018ல் ஓய்வு, முதல் சம்பா, அந்த நவம்பர் 16ல் கஜா புயல். வீட்டுக் கொல்லையில் ஒரு தென்னைகூட மிஞ்சவில்லை. அதைச் சரிபண்ணி நிமிர்வதற்குள் 2019 ஆடியில் அம்மா போய்விட்டார். காசியிலிருந்து திரும்பிய அன்று அவர் சொன்னது இதுதான்: "சாவி உங்கிட்டதானேப்பா இருந்துச்சு. நீ என்ன பண்ணுவே." கோபித்துக்கொண்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

இப்ப யாரு கூப்பிட்டா?

ஓய்வு பெறும்போது மனைவிக்கு ஒரு வாக்குக் கொடுத்தேன். "இனிமே எந்த மண்டல அலுவலகமும் நம்மளைக் கூப்பிட முடியாது." நிலம் ஒரு மண்டல அலுவலகம் என்று அப்போது தெரியாது.

2023 ஜனவரி கடைசி. பெங்களூரிலிருந்து மகளும் மாப்பிள்ளையும் பேரனும் வந்திருந்தார்கள். மாப்பிள்ளைக்கு அந்த ஒரு வாரம்தான் லீவு. கன்னியாகுமரிக்குப் போகலாம் என்று முடிவு. வயலில் தூயமல்லி இரண்டு ஏக்கர் மஞ்சள் ஏறி நின்றது. மாப்பிள்ளைச் சம்பா ஒரு ஏக்கர் ஆள் உயரத்துக்குக் கதிர் தொங்கிக்கொண்டிருந்தது. பிப்ரவரி 6ஆம் தேதிவாக்கில் அறுக்கலாம். மேட்டூரை வழக்கமாக ஜனவரி 28ல் மூடிவிடுவார்கள். தண்ணீர் நின்றுவிட்டது, பனிதான் பெய்யும், பயமில்லை என்று கிளம்பினேன்.

வங்கக் கடலில் ஒரு தாழ்வு மண்டலம் உருவாகி, இலங்கைக் கரைப் பக்கம் நகர்ந்தது. பிப்ரவரி 1ஆம் தேதியே டெல்டாவில் மழை பிடித்துவிட்டது. அந்த மழையில் டெல்டா மாவட்டங்களில் அறுவடைக்கு நின்ற சம்பா எவ்வளவு சாய்ந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உங்களில் பாதிப் பேர் வயலிலும் அது நடந்தது.

2ஆம் தேதி காலை பக்கத்து வயல் தம்பி போன் பண்ணினான். "சார், மாப்பிள்ளைச் சம்பா படுத்துருச்சு. தூயமல்லி பாதி சாஞ்சிருக்கு. தண்ணி நிக்குது."

"இரு தம்பி, நான் வர்றேன்."

அவ்வளவுதான். மேலே ஒரு வார்த்தை கேட்கவில்லை. பேரனுக்கு அன்று படகில் போய் வள்ளுவர் சிலையைப் பார்க்கவேண்டும். 133 அடி என்று நான்தான் அவனுக்குச் சொல்லிவைத்திருந்தேன். "தாத்தா, வள்ளுவர் கால் உன்ன விட உசரமா?" என்று ரெண்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தான். நான் பையைக் கட்டுவதைப் பார்த்து அவன் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றான், படகுக்குத்தான் கிளம்புகிறோம் என்று நினைத்து.

மனைவி என் சட்டையை மடித்துக் கொடுத்துக்கொண்டே, குரலை உயர்த்தாமல் கேட்டாள்:

"அன்னிக்கு பேங்க் கூப்பிட்டுச்சு, போனீங்க. சரி. இப்ப யாரு கூப்பிட்டா?"

நாகர்கோவில், மதுரை, தஞ்சாவூர் என்று மூன்று பஸ் மாறினேன். மழையில் ஊர் போய்ச் சேர ராத்திரி பத்தரை. வீட்டுக்குக்கூடப் போகாமல் டார்ச்சோடு வயலுக்குப் போனேன். அங்கே நான் செய்வதற்கு ஒரு வேலையும் இல்லை. தம்பி காலையிலேயே, எனக்குப் போன் பண்ணுவதற்கு முன்னாடியே, கீழ் வரப்பில் இரண்டு இடத்தில் வெட்டி, வடிகாலில் அடைத்திருந்த ஆகாயத்தாமரையை இழுத்துப் போட்டு, தண்ணீரை வடித்துவிட்டிருந்தான். அதைச் சொல்லத்தான் போன் பண்ணியிருக்கிறான். நான் முழுசாகக் கேட்கவில்லை.

சாய்ந்த பயிரை நான் நிமிர்த்த முடியாது. மழையை நிறுத்த முடியாது. பன்னிரண்டு மணி நேரம் பயணம் பண்ணி, நனைந்த வரப்பில் டார்ச் அடித்து நின்றேன்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். வெயில் வந்து தரை இறுகும் வரை காத்திருந்து, பெல்ட் வண்டி கிடைத்து, 10ஆம் தேதி தூயமல்லி அறுத்தோம். ஏக்கருக்கு 60 கிலோ மூட்டை 25 வர வேண்டியது, 19 வந்தது. மாப்பிள்ளைச் சம்பாவை வண்டியால் அள்ள முடியவில்லை. ஆள் விட்டு அறுத்ததில் 11 மூட்டை. சில கதிர்கள் முளை விட்டிருந்தன. நெல் கறுத்துப்போய் அந்த வருஷம் விதைக்கு எடுக்க முடியவில்லை. கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதம் என்று வாசலிலேயே மூட்டைகள் தேங்கி நின்றன. நான் அரிசியாக்கி நேரடியாக விற்பவன், அதனால் அந்தக் கஷ்டம் எனக்கு இல்லை. ஆனால் நான் கன்னியாகுமரியிலேயே இருந்திருந்தாலும் இதே 19தான், இதே 11தான்.

அவர்கள் ரெண்டு நாள் கழித்து நான் இல்லாமல் படகில் போனார்கள். மகள் போட்டோ அனுப்பினாள். வள்ளுவர் சிலை பின்னால் தெரியப் பேரன் நிற்கிறான். அவன் உயரம் தெரிவதற்கு யாராவது பக்கத்தில் நின்றிருக்கலாம்.

வங்கி கற்றுக்கொடுத்த இரண்டு விஷயம்

"இப்ப யாரு கூப்பிட்டா?" அந்தக் கேள்வி களத்திலும் கொட்டகையிலும் என் கூடவே வந்தது. உண்மையான பதில்: யாரும் கூப்பிடவில்லை. நான் இல்லாமல் நிலம் நடக்காது என்று எனக்கு ஒரு நினைப்பு. அதைப் பாசம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பாதி பாசம்தான். மீதி, யாரையும் நம்பாத குணம்.

அப்போதுதான் வங்கியில் இருந்த இரண்டு பழக்கம் ஞாபகம் வந்தது.

ஒன்று, சார்ஜ் கொடுப்பது. மேலாளர் லீவில் போனால் சாவி எத்தனை, கையிருப்பு எவ்வளவு, நிலுவையில் என்ன, யாருக்கு என்ன பதில் சொல்லவேண்டும் என்று எழுதி, கொடுப்பவர், வாங்குபவர் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். எழுதாத பொறுப்பு ஒப்படைத்த பொறுப்பு இல்லை.

இரண்டு, கட்டாய விடுப்பு. பணமும் சாவியும் கையாளும் பொறுப்பில் இருப்பவர்கள் வருஷத்தில் ஒரு தடவை தொடர்ந்து சில நாள் லீவில் போயே ஆகவேண்டும் என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. அவர்கள் களைத்துப்போவார்கள் என்ற இரக்கத்தால் வந்த விதி இல்லை இது. ஒருவரே விடாமல் உட்கார்ந்திருந்தால் தப்புகள் வெளியே வராது. வேறொருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால்தான் தெரியும். லீவே எடுக்காத ஊழியரைப் பாராட்டக் கூடாது, சந்தேகப்பட வேண்டும் என்று எங்கள் ஆய்வாளர் ஒருவர் சொல்வார். வங்கியில் இந்த விதியை மற்றவர்களுக்குச் சொன்ன நான், என் மூன்று ஏக்கரில் லீவே எடுக்காத ஊழியனாக இருந்தேன்.

முன்னோருக்கு லீவு இருந்தது

இன்னொன்றும் யோசித்துப் பார்த்தேன். விவசாயிக்கு லீவு இல்லை என்பது நம்ம டெல்டாவில் பழைய பேச்சு இல்லை. ஜூன் 12ல் மேட்டூர் திறப்பு, ஜனவரி 28ல் மூடல். அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால், ஈரம் இருக்கும்போதே நிற்கிற நெல்லுக்குள் உளுந்தையோ பயறையோ தெளித்துவிடுவார்கள். நெல் அறுத்த பிறகு அது மண் ஈரத்திலும் பனியிலும் தானே வளர்ந்துவிடும். அறுபத்தைந்து, எழுபது நாளில் பிடுங்கினால் போதும். இடையில் ஆள் வேண்டியதில்லை. மாசியும் பங்குனியும் கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் சம்பந்தி வீட்டுக்கும்தான். மன்னார்குடி ராஜகோபாலசுவாமி கோயில் பங்குனித் திருவிழா பதினெட்டு நாள் நடக்கிறது. களத்து வேலை முடிந்த ஊருக்குத்தான் பதினெட்டு நாள் திருவிழா பார்க்க நேரம் இருக்கும்.

இப்போது அறுவடை வண்டி வந்து பெல்ட்டால் அந்த உளுந்தை நசுக்கிவிடுகிறது. அதனால் நம்மில் பலர் தெளிப்பதை விட்டுவிட்டோம். நான் அறுப்பு முடிந்த கையோடு, ஈரம் காய்வதற்குள் ஒரு சால் ஓட்டி, பலதானியம் விதைக்கிறேன். ஏக்கருக்கு 20 கிலோவுக்குக் குறையாமல். பூ எடுக்கும் நேரத்தில், 45 முதல் 50 நாளில், மடக்கி உழுகிற வரை அதற்கு நான் வேண்டாம். ஆக நிலம் லீவு கொடுக்கிறது. எந்த மாதம் என்று பார்த்துக் கேட்க வேண்டும். அறுப்புக்கு ஒரு வாரம் இருக்கும்போது கன்னியாகுமரிக்குக் கிளம்பியது என் தப்பு. மாப்பிள்ளையின் லீவைப் பார்த்தேனே தவிர, பயிரின் லீவைப் பார்க்கவில்லை.

நிலம் விட்டாலும் மாடு விடாது. அதுதான் நிஜமான சிக்கல்.

கைமாத்து நாள்

2023 சித்திரையில், எங்கள் உழவர் குழுவில் ஐந்து பேர் உட்கார்ந்து பேசினோம். ஐந்து பேர் வீட்டிலும் மாடு உண்டு. ஐந்து பேரும் மூன்று நாள் சேர்ந்தாற்போல வெளியூரில் தங்கி வருஷக்கணக்காகிறது. ஒருவர் தன் அக்கா மகள் கல்யாணத்துக்கு முகூர்த்தத்துக்குப் போய்ச் சாப்பிடாமல் திரும்பியவர்.

அவசரத்துக்கு வட்டி இல்லாமல் கைமாத்து வாங்குகிறோம் அல்லவா? அதேபோல் நாளைக் கைமாத்தாகக் கொடுப்பது என்று முடிவு செய்தோம். நான் உங்கள் மாட்டை ஆறு நாள் பார்த்தால், நீங்கள் எனக்கு ஆறு நாள் கடன். காசு கிடையாது. ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிவைக்கிறோம். வங்கிக்காரன் என்பதால் அந்த நோட்டு என்னிடம். இரண்டு வருஷத்துக்கு மேல் நடத்திப் பார்த்ததில் தெரிந்துகொண்டவற்றைச் சொல்கிறேன், உங்கள் ஊருக்குப் பயன்படலாம்.

நாட்டு மாடு பழகாத கைக்குப் பால் விடாது. அதனால் கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பே, பார்த்துக்கொள்ளப் போகிறவர் தினம் ஒரு வேளை வந்து தவிடு வைக்க வேண்டும், கன்றை ஊட்டவிட வேண்டும், நாம் பக்கத்தில் நிற்க அவர் கறக்க வேண்டும். கடைசி இரண்டு நாள் நாம் கொட்டகைப் பக்கமே போகக்கூடாது. சினைமாடு ஈனும் மாதத்தில் பயணம் வேண்டாம்.

பஞ்சகவ்யா தினம் இரண்டு வேளை கலக்க வேண்டிய பொருள். புது டிரம் போட்டுவிட்டுக் கிளம்பாதீர்கள். முடிந்த டிரம்மை வடித்து மூடிவைத்துவிட்டுப் போங்கள்.

விதை நெல்லை நன்றாகக் காயவைத்து, 13 சதவீத ஈரத்துக்குள் வந்த பிறகே கட்டி ஏற்றுங்கள். அரைகுறையாகக் காய்ந்ததைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டுப் போனால், வந்து பார்க்கும்போது புழுங்கியிருக்கும்.

எல்லாவற்றையும் எழுதுங்கள். எந்த வாமடை எந்தப் பக்கம் திறக்கும், மோட்டார் சுவிட்ச் எங்கே, மாட்டு டாக்டர் நம்பர், யாருக்கு எத்தனை லிட்டர் பால், எந்த வரப்பில் நண்டு வளை. நமக்குத் தெரியும் என்பதால் எழுதாமல் விடுவதுதான் பிறகு போனாக வரும்.

கடைசியாக, எதற்குக் கூப்பிட வேண்டும், எதற்கு வேண்டாம் என்று பேசிவைத்துக்கொள்ளுங்கள். எங்கள் விதி: முடிவெடுக்க முடியாவிட்டால் கூப்பிடு. முடிவெடுத்துவிட்டால் ராத்திரி எட்டு மணிக்குச் சொல்.

கயாவில் வந்த போன்

2024 மார்ச்சில் நானும் மனைவியும் கிளம்பினோம். காசி, கயா. பதினோரு நாள். அம்மாவுடன் தங்கிய அதே விடுதி. விடுதிக்காரர் இப்போது இல்லை, மகன் நடத்துகிறார். ஏழு வருஷத்துக்கு முன் கடன் சொல்லித் தங்கினோம் என்றதும் அவருக்கு அப்பா சொன்ன கதை ஞாபகம் இருந்தது.

கயா போய்ச் சேர்ந்த அன்று ராத்திரி ஏழு மணிக்கே போன். எட்டு மணி இல்லை, ஏழு. எனக்கு வயிறு கலங்கிவிட்டது.

"சார், சின்னப் பசுவுக்கு வயிறு உப்பிருச்சு. டாக்டரக் கூப்பிட்டாச்சு, வந்துக்கிட்டிருக்காரு. ஊசி போடறதுக்கு உங்களைக் கேக்கணும்னாரு."

"போடச் சொல்லுங்க" என்றேன். போனை வைத்ததும் கை தானாக ரயில் நேரம் பார்க்கப் போனது. மனைவி எதிரே உட்கார்ந்திருந்தாள். இந்தத் தடவை எதுவும் கேட்கவில்லை. நான் போனைக் கவிழ்த்து வைத்தேன். அந்த ராத்திரி தூங்கினேன் என்று சொன்னால் பொய்.

காலை ஐந்தரைக்கு மறுபடி அடித்தது. "சார், படுத்து அசை போடுது சார்."

அன்று பல்கு ஆற்று மணலில் உட்கார்ந்து அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சேர்த்துப் பிண்டம் வைத்தேன். அம்மா வந்து அப்பாவுக்கு வைப்பதைப் பார்த்திருக்க வேண்டிய இடம். அவருக்கே வைக்கும்படி ஆனது. அதைச் சரிசெய்யும் வழி எதுவும் இல்லை. சரிசெய்துவிட்டதாகச் சொல்ல இதை எழுதவும் இல்லை.

ஊர் திரும்பியதும் சார்ஜ் வாங்கினேன். கட்டாய விடுப்பு விதி வேலை செய்தது. வீட்டுத் தோட்டத்துக் கத்தரிக்கு நான் தினம் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். என் நோட்டில் "தண்ணீர்" என்று மட்டும் எழுதி, எத்தனை நாளைக்கு ஒரு தடவை என்று எழுத மறந்துவிட்டேன். நண்பர் மூடாக்கை விலக்கிப் பார்த்து, ஈரம் இருந்தால் விடாமல், மூன்று நாளைக்கு ஒரு தடவை விட்டிருக்கிறார். எனக்கு வாரக்கணக்காக இருந்த இலை மஞ்சளிப்பு குறைந்திருந்தது. வேர் மூச்சு முட்டிக்கிடந்திருக்கிறது. நான் அதற்கு மீன் அமிலம் அடித்துக்கொண்டிருந்தேன்! இதை நானே இருந்திருந்தால் கண்டுபிடித்திருக்க மாட்டேன்.

எல்லாம் நன்றாகவே நடந்தது என்றும் சொல்லமாட்டேன். ஆடு புகுந்து கொல்லையில் இருந்த அகத்திக் கன்று ஒன்பதையும் மேய்ந்துவிட்டது. படல் ஓட்டையை நான் நோட்டில் எழுதவில்லை. நண்பரும் பார்க்கவில்லை. ரெண்டு பேரும் சிரித்துவிட்டுப் புதுக் கன்று நட்டோம்.

நண்பர்களே, நாற்று நிற்காது, மாடு நிற்காது என்பதெல்லாம் நிஜம்தான். வங்கி வரிசையில் அந்தப் பெரியவர் சொன்னது இன்றும் என் காதில் இருக்கிறது. அதே மாதிரி வயதான அம்மாவும் நிற்கமாட்டார், நாலரை வயதுப் பேரனும் நாலரை வயதிலேயே நிற்கமாட்டான். நிலத்தைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வயலில் ஆள் உண்டு. இன்றைக்கே போய் அவரிடம் ஒரு வேளை மாடு கறக்கக் கேட்டுப் பாருங்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும் இந்த வாரம் என் முறை. அக்கா மகள் கல்யாணத்தில் சாப்பிடாமல் திரும்பிய அந்த நண்பர், குடும்பத்தோடு குற்றாலம் போயிருக்கிறார். அவர் வீட்டு மூன்று மாடும் என் பொறுப்பில். சார்ஜ் நோட்டில் அவர் எழுதியிருக்கிறார்: "காரிப் பசு, இடது பக்கம் உட்கார்ந்தால் உதைக்கும்." வலது பக்கம் உட்கார்ந்தாலும் உதைக்கும் என்பதை எழுத மறந்துவிட்டார். ராத்திரி எட்டு மணிக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருக்கிறேன்.